காட்டுப் பூங்காவுல எது நம்ம செடி, எது வந்தேறி? புதுசா செடி பார்க்க ஆரம்பிக்கறவங்களுக்கு

மொதல்ல என் தப்புல இருந்து ஆரம்பிக்கறேன். சில வருஷம் முன்னாடி ஒரு தன்னார்வக் குழுவோட சீமைக் கருவேலம் வெட்டப் போனேன், கையில கத்தி, தலையில தொப்பி, மனசுல நாட்டையே காப்பாத்தப் போற மாதிரி ஒரு கெத்து. முள்ளு இருக்கு, இலை சின்னச் சின்னதா இருக்கு, அப்புறம் என்ன யோசிக்கன்னு ஒரு இளங்கன்னை அடியோட சாய்ச்சிட்டேன். பின்னாடி வந்த ஒரு பெரியவர் அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "தம்பி, இது வன்னிய்யா"ன்னார். கோயில்ல தலவிருட்சமா சுத்தி வந்து கும்பிடற அதே வன்னி. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, களையை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு களை எடுக்கப் போகக் கூடாது.

அதனால இங்க நான் சொல்றது தலைகீழா இருக்கும். மொதல்ல நம்ம ஊர் மரம் செடி, அதுக்கப்புறம்தான் வந்தேறி. தமிழ்நாட்டு சமவெளி, கடற்கரைப் பக்கம் இருக்கற காட்டுப் பூங்காவை மனசுல வச்சுத்தான் எழுதறேன், அதாவது கிண்டி, வண்டலூர், நன்மங்கலம் மாதிரி இடங்க. மலைக்காடு வேற கதை, அங்க பட்டியலே மாறிடும்.

ஸ்டெப் 1: நிக்கற காடு என்ன காடுன்னு தெரிஞ்சுக்கோங்க

காடுன்னா வானம் தெரியாம உயரமா இருக்கணும்னு நினைச்சுட்டு வர்றவங்க கிண்டியைப் பார்த்ததும் "என்னங்க வெறும் புதரா இருக்கு"ம்பாங்க. அது காஞ்சு போன காடு இல்ல, அதோட சுபாவமே அதான். சோழமண்டலக் கரையோரமா இருக்கற இந்த வகைக்கு உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு. மரம் ரொம்ப உயராது, இலை தடிப்பா பளபளன்னு இருக்கும், வெயில் கொளுத்தினாலும் நெறைய மரம் இலையைக் கொட்டாது, நடுநடுவுல முள்ளுப்புதர், மேல கொடி. கிண்டி தேசியப் பூங்கா ஆனது 1978-ல, பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டுலயே ரொம்ப சின்ன தேசியப் பூங்காக்கள்ல ஒண்ணு. இந்த வகைக் காடு இன்னைக்கு நல்லா மிஞ்சி இருக்கறது பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகள்லதான், புதுக்கோட்டை, விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் போனா பார்க்கலாம். சாமி மரத்தை வெட்டக் கூடாதுங்கற பயம் நல்ல வேலை செஞ்சிருக்கு. ஒரு தடவை ஒரு கோயில் காட்டுக்குள்ள போய் பாத்துட்டு வந்தீங்கன்னா நம்ம காடு ஒழுங்கா இருந்தா எப்படி இருக்கும்னு கண்ணுல ஒரு அளவு விழுந்துடும், அதுக்கப்புறம் சீமைக் கருவேலம் பிடிச்ச இடத்தைப் பார்த்தாலே எதோ சரியில்லன்னு தோணும்.

ஸ்டெப் 2: மூணு டப்பா

எந்தச் செடியைப் பார்த்தாலும் மூணு டப்பால ஒண்ணுல போடுங்க. ஒண்ணு, நம்ம மண்ணுல தானா வந்தது. ரெண்டு, வெளிநாட்டுல இருந்து வந்தது ஆனா சொன்ன இடத்துல இருக்கு. மூணு, வெளிநாட்டுல இருந்து வந்து, யாரும் நடாமலே பரவி, அங்க இருந்ததைத் துரத்திட்டு உக்காந்திருக்கறது. இந்த மூணாவதுதான் ஆக்கிரமிப்பு.

ரெண்டாவதையும் மூணாவதையும் குழப்பிக்காதீங்க, இதுலதான் சண்டையே வருது. கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கத்துக்காரன், தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்காக் கண்டம்தான், செந்தீயா பூக்கற குல்மோகர் மடகாஸ்கர்ல இருந்து வந்தது, நம்ம புளியமரமே ஆப்பிரிக்காங்கறாங்க. மிளகாய், தக்காளி, நிலக்கடலை எதுவும் நம்மளது இல்ல. அதுக்காக இதெல்லாம் காட்டை அழிக்குதுன்னு கத்தியைத் தூக்கினா சாம்பார்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். வெளியூர்ல இருந்து வந்ததுங்கறது குத்தம் இல்ல, வந்த இடத்துல வேற எதையும் முளைக்க விடாதது தான் குத்தம்.

அதே மாதிரி எதிர்ப்பக்கமும் உண்டு. நாயுருவி பேன்ட்டுல அப்பிக்கிட்டு எங்க பார்த்தாலும் இருக்கும், எருக்கு பாழ் மனையெல்லாம் பிடிச்சிருக்கும், ஆனா ரெண்டும் நம்ம செடிதான். கெட்டுப்போன மண்ணுல மொதல்ல வந்து நிக்கற செடிங்க அது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு எருக்க இலையத் தின்னுதான் வளருது.

ஸ்டெப் 3: ஒரு ஏழெட்டு நாட்டுச் செடியை நண்பனா ஆக்கிக்கோங்க

ஒரே நாள்ல அம்பது பேர் மனப்பாடம் பண்ணாதீங்க, மறுநாளே காலி. ஏழெட்டு போதும். நான் யாருக்காவது காட்டறதா இருந்தா இதுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

வெப்பாலை ரொம்ப ஈஸி. காய் ரெண்டு ரெண்டா நீளமா தொங்கும், நுனியில ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், இடுக்கி மாதிரி. இலை ஒடிஞ்ச இடத்துல பால் வரும், பூ வெள்ளையா மல்லி சாயல்ல இருக்கும். தோல் நோய்க்கு இந்த இலையைத் தேங்காய் எண்ணெய்ல ஊறப்போட்டு வெயில்ல வைப்பாங்க, எண்ணெய் ஊதா கலராகும், வீட்ல பெரியவங்க கிட்ட கேட்டா தெரியும்.

குருந்தம், இதைக் காட்டு எலுமிச்சைன்னும் சொல்வாங்க. கீழ விழுந்த இலையைக் கசக்கி மோந்தா எலுமிச்சை வாசனை, காயும் குட்டி எலுமிச்சை மாதிரியே இருக்கும். காரை, இதுல முள்ளு ஜோடி ஜோடியா எதிரெதிரா நேரா நிக்கும், பழம் மஞ்சள். களா, அதான் ஊறுகாய் போடற களாக்காயோட சொந்தக்காரங்க, புதரா பால் வடியற முள்ளுச்செடி. சூரை, கொக்கி முள்ளு, உள்ள போனா சட்டையைக் குடுத்துட்டுதான் வெளிய வரணும்.

காயா மரத்தைப் பூத்திருக்கும்போது பாருங்க, கிளையெல்லாம் நீலமும் ஊதாவும் ஒட்ட வச்ச மாதிரி. பழைய பாட்டுல திருமால் நிறத்துக்கு உவமையா வர்ற காயாம்பூ இதான். காசான்னும் சொல்வாங்க. இதுகூட உலக்கைப்பாலை, வீரை ரெண்டும் பழகிட்டீங்கன்னா உலர் பசுமைமாறாக் காட்டோட முதுகெலும்பு பழகியாச்சு. இது மூணும் மெதுவா வளர்ற மரங்க, ஒரு ஆள் உயரத்துக்கு வரவே பல வருஷம் ஆகும், அதனாலதான் ஒரு தடவை போச்சுன்னா திரும்பக் கொண்டு வர்றது அவ்ளோ கஷ்டம்.

ரெண்டு எச்சரிக்கை. குன்றிமணி அழகா சிவப்பும் கருப்புமா கொட்டிக் கிடக்கும், குழந்தைங்க கையில குடுக்காதீங்க, விதை கடுமையான விஷம். செங்காந்தளும் அப்படித்தான், நம்ம மாநிலப் பூதான், ஆனா கிழங்குல இருந்து எல்லாமே விஷம். பார்த்து ரசிக்கறதோட நிறுத்திக்கலாம்.

ஸ்டெப் 4: முள்ளு குடும்பத்தைப் பிரிச்சுப் பாருங்க

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழற இடம், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. சின்னச் சின்ன இலை, முள்ளு, கொஞ்சம் கோணலான மரம், இப்படி தூரத்துல பார்த்தா நாலஞ்சு மரம் ஒரே மாதிரி இருக்கும்.

மொதல்ல பூவைப் பாருங்க. உருண்டையா மஞ்சள் பந்து மாதிரி இருந்தா அது சீமைக் கருவேலம் இல்ல, பெரும்பாலும் நம்ம நாட்டுக் கருவேலம். சீமையோட பூ நீளமா, பூனை வால் மாதிரி, பச்சை கலந்த மஞ்சள்ல தொங்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி தப்பு குறைஞ்சிடும்.

பூ இல்லாத காலமா? காயைப் பாருங்க. நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கி, மணி கோத்த மாதிரி சாம்பல் நிறத்துல இருக்கும். சீமையோடது மஞ்சளா, சதைப்பிடிப்பா, இனிப்பா இருக்கும், ஆடு மாடு விரும்பித் தின்னும். தின்னுட்டுப் போய் வேற இடத்துல சாணியோட விதையைப் போடும், அது சூப்பரா முளைக்கும். அது பரவினதுக்கு மாட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, 19-ஆம் நூற்றாண்டு கடைசியில விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும்னு கொண்டு வந்து விதைச்சதே மனுஷங்கதான்.

நான் சாய்ச்ச வன்னிக்கு வருவோம். வன்னி பூவும் பூனை வால்தான், அதனால பூவை வச்சு சீமையையும் வன்னியையும் பிரிக்க முடியாது, ரெண்டும் நெருங்கின சொந்தம். முள்ளைப் பாருங்க. சீமைக்கு இலை கிளம்பற கணுவுல ஜோடியா முள்ளு இருக்கும், கிளையும் கணுவுக்குக் கணு வளைஞ்சு வளைஞ்சு போகும். வன்னிக்கு முள்ளு கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல இங்க ஒண்ணு அங்க ஒண்ணா, அடி அகலமா, ரோஜா முள்ளு மாதிரி இருக்கும். வன்னிக்காய் மெலிசா நீளமா கயிறு கணக்கா தொங்கும், சீமைக்காய் மாதிரி தட்டையா தடிப்பா இருக்காது. இலையும் வன்னிக்குக் கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை. சந்தேகம் இருந்தா வெட்டாதீங்க, ரிப்பன் கட்டிட்டு வந்துடுங்க, அடுத்த வாரம் தெரிஞ்சவங்களோட போய் பாத்துக்கலாம், மரம் எங்கயும் ஓடிடாது.

வெள்வேலம் பட்டை வெளிர் மஞ்சளா இருக்கும், வெளிர் நிறத்துல பூப்பந்து கொத்துக் கொத்தா கிளை நுனியில வரும். இதுவும் நம்மளது.

முள்ளே இல்லாம இதே மாதிரி பொடி இலையோட ரெண்டு மரம் இருக்கு, ஒண்ணு உசிலை, இன்னொண்ணு சவுண்டல்னு சொல்ற சூபாபுல். உசிலை நம்ம மரம், அரப்புத்தூள் இதோட இலைதான், உசிலம்பட்டிக்குப் பேர் குடுத்ததும் இதான்னு சொல்வாங்க. சவுண்டல் மெக்சிகோ பக்கத்துல இருந்து தீவனத்துக்குன்னு வந்தது, வெள்ளைப் பந்துப் பூ, தட்டையான பழுப்புக் காய் கொத்துக் கொத்தா தொங்கிட்டே இருக்கும், மரத்தடியில பார்த்தா அதோட கன்னுங்களே பாய் விரிச்ச மாதிரி முளைச்சிருக்கும். உசிலை இலைத்துணுக்கு ரொம்பப் பொடி, சவுண்டலோடது அதைவிடப் பெருசு.

ஒரு சின்ன விஷயம், சீமைக் கருவேலம் காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சிடும், மாட்டை மலடாக்கிடும்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வருஷா வருஷம் சுத்தும். அதுக்கு உருப்படியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்ல. வேர் ஆழமாப் போறதும், கீழ வேற செடியை வளர விடாததும், கண்மாய் குளத்தையெல்லாம் அடைச்சதும் நிஜம், அதுவே போதும், மேல கதை கட்டத் தேவையில்ல. இன்னொரு பக்கம் ராமநாதபுரத்துல கரிமூட்டம் போட்டுப் பிழைக்கற குடும்பங்களுக்கு இந்த மரம்தான் சோறு. 2017-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்போ ரெண்டு பக்கமும் பெரிய விவாதம் ஓடுச்சு. பூங்காவுக்குள்ள எடுக்கணுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, கரிமூட்டக்காரர் நிலத்துல போய் நான் நியாயம் பேச மாட்டேன்.

ஸ்டெப் 5: மத்த வந்தேறிங்க

உண்ணிச்செடி. இதைப் பார்க்காம எந்தக் காட்டுக்குள்ளயும் நீங்க நடந்திருக்க முடியாது. ஒரே பூங்கொத்துல நடுவுல மஞ்சள், ஓரத்துல ரோஸ் இல்லன்னா ஆரஞ்சு, தண்டு சதுரமா சின்ன முள்ளோட, இலை சொரசொரன்னு, கசக்கினா ஒரு காட்டமான வாடை. காய் பச்சையா இருந்து கருநீலமா பழுக்கும். 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அலங்காரச் செடியா கல்கத்தா தோட்டத்துக்கு வந்து இப்ப நாடு பூரா இருக்கு. மாடு தின்னா ஈரல் கெட்டுப்போகும், அதனால பெரும்பாலும் எதுவும் மேயாது, மேயாததால இதுக்கு எதிரியே இல்ல. "பட்டாம்பூச்சி நிறைய வருதே, அப்புறம் ஏன் எடுக்கணும்"னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். தேன் குடிக்க வரும், ஆனா முட்டை வச்சு புழு வளரறதுக்கு அதுங்களுக்கு வேற செடி வேணும், கொன்றை, குருந்தம், எருக்கு மாதிரி. ஹோட்டல் மட்டும் இருந்து வீடு இல்லாத ஊர் மாதிரி ஆகிடும்.

பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி கிழிஞ்ச இலை, மேல வெள்ளையா குட்டிக் குட்டிப் பூ. 1950-கள்ல புனே பக்கம் கவனிக்கப்பட்டது, இறக்குமதி கோதுமையோட வந்துச்சுன்னு சொல்றாங்க. ஒரு செடியில ஆயிரக்கணக்குல விதை. தோல் அரிப்பு, மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்க கிட்டப் போகவே போகாதீங்க.

தண்ணி இருந்தா ஆகாயத்தாமரையும், கரையில ரோஸ் கலர் புனல் பூவோட நெய்வேலி காட்டாமணக்கும் இருக்கும். பேர்ல ஆமணக்கு இருக்குன்னு ஏமாறாதீங்க, அது ஆமணக்கும் இல்ல, காட்டாமணக்கும் இல்ல, பூவைப் பார்த்தாலே தெரியும், தாளிக் கொடி சொந்தம். தண்டு ஒடிஞ்சு விழுந்த இடத்துல வேர் விட்டுடும்.

முதுமலைப் பக்கம் போறவங்க மட்டும் இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்க. அங்க ஒரு மஞ்சள் கொன்றை காட்டையே பிடிச்சிட்டிருக்கு, நம்ம சரக்கொன்றைனு நினைச்சு போட்டோ எடுப்பாங்க. சரக்கொன்றை பூ சரமா கீழ தொங்கும், வந்தேறியோடது கிளை நுனியில மேல பார்த்து நிக்கும். வனத்துறை அதை வெட்டி காகித ஆலைக்கு அனுப்பிட்டிருக்காங்க.

பேரை நம்பாதீங்க. வெட்டுக்காயப் பூண்டு, தாத்தா பூன்னெல்லாம் சின்ன வயசுல இருந்து விளையாடின செடி மத்திய அமெரிக்காவுல இருந்து வந்தது. பிரம்மதண்டுன்னு பேரே வேதத்துல இருந்து எடுத்த மாதிரி இருக்கும், ஊர் மெக்சிகோ. சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்துதான். தோட்டத்துல தரையை மூட வைக்கற மஞ்சள் பூச்செடி ஒண்ணை மஞ்சள் கரிசலாங்கண்ணினு சொல்லி விக்கறாங்க, இலை மூணு மடலா பிரிஞ்சிருந்தா அது வந்தேறி, கீரைன்னு சமைச்சிடாதீங்க. நிஜக் கரிசாலை இலை நீட்டமா, மடல் இல்லாம இருக்கும்.

ஸ்டெப் 6: போட்டோ எப்படி எடுக்கணும்

பூவை மட்டும் குளோசப் எடுத்து குரூப்ல போட்டு "இது என்ன செடி"ன்னா ஒருத்தராலயும் சொல்ல முடியாது. முழுச் செடி ஒண்ணு, இலை மேல்பக்கம் அடிப்பக்கம், இலை தண்டுல சேர்ற இடம் (எதிரெதிரா இருக்கா, மாத்தி மாத்தி இருக்கான்னு அதுலதான் தெரியும்), பூ, காய், பட்டை. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல போடுங்க, ஆள் பார்த்து சரி பண்ணுவாங்க. கூகுள் லென்ஸ் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அது எனக்கு ஒரு தடவை உசிலையை சவுண்டல்னு சொல்லுச்சு, இன்னொரு தடவை வெப்பாலையை அரளினு சொல்லுச்சு.

இலை, பூ, விதை எதையும் பறிக்காதீங்க. தேசியப் பூங்காவுல அது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், களைச்செடியே ஆனாலும் அனுமதி இல்லாம நீங்களா பிடுங்கக் கூடாது. கீழ உதிர்ந்ததைப் பார்த்துட்டு அங்கயே போட்டுட்டு வாங்க.

ஸ்டெப் 7: செடியை விட்டுட்டு இடத்தைப் படிங்க

கொஞ்சம் பழகினதும் ஒரு பத்தடிக்குப் பத்தடி இடத்தைத் தேர்ந்தெடுத்து உக்காருங்க. எத்தனை வகைச் செடி இருக்குன்னு எண்ணுங்க, பேர் தெரிய வேண்டாம், வித்தியாசமா இருந்தா போதும். நல்ல இடத்துல சட்டுனு பதினஞ்சு இருபது வந்துடும். உண்ணிப்புதர் அடியில எண்ணிப் பாருங்க, ரெண்டு மூணோட நின்னுடும். அப்புறம் குட்டிக் கன்னுங்களைப் பாருங்க. பெரிய மரம் வீரையா இருந்து, கீழ முளைச்சிருக்கற கன்னெல்லாம் சவுண்டலா இருந்தா அந்தக் காடு நாற்பது வருஷம் கழிச்சு என்னவா இருக்கும்னு நீங்களே சொல்லிடலாம். பாதையோரம், மரம் விழுந்து வெயில் விழற இடம், குப்பை கொட்டின இடம், இங்கதான் வந்தேறி மொதல்ல காலை வைக்கும். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இதுக்கு நல்ல நேரம், எல்லாம் முளைச்சு நிக்கும், வெயிலும் கொல்லாது.

ஸ்டெப் 8: எடுக்கற வேலைக்குப் போறதா இருந்தா

2022-ல தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றறதுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, அதனால வனத்துறையோட சேர்ந்து செய்யற குழுக்கள் இப்ப நிறைய. போங்க, ஆனா முழுக்கை சட்டை, ஷூ, தடிக் கையுறை கட்டாயம். உண்ணிப்புதர் அடியில விரியன் படுத்திருக்கும், குச்சியால தட்டிட்டு கையை விடுங்க.

சீமைக் கருவேலத்தை மேலோட வெட்டறது முடி வெட்டற மாதிரி, அடுத்த மழைக்கு நாலு கிளையா எழுந்திருக்கும். வேரோட எடுக்கணும், சின்னதுன்னா மழை பெஞ்சு மண் இளகினப்போ கையாலயே வரும். உண்ணியையும் தண்டும் வேரும் சேர்ற இடத்துக்குக் கீழ வெட்டிப் பிடுங்கி, தலைகீழா போட்டுக் காய விடணும், காய் பழுக்கறதுக்கு முன்னாடி. பார்த்தீனியம் பூக்கறதுக்கு முன்னாடி, மாஸ்க் போட்டுக்கிட்டு. புதருக்குள்ள குருந்தமோ காரையோ கன்னு ஒளிஞ்சிருக்கும், மொதல்ல அதைத் தேடி ரிப்பன் கட்டிட்டு அப்புறம் வேலையை ஆரம்பிங்க. நான் இப்ப எங்க போனாலும் பையில ஒரு சிவப்பு ரிப்பன் கட்டு இருக்கும், கத்தியை மறந்தாலும் அதை மறக்கறதில்ல.

ஒரு நாள் எடுத்து செல்ஃபி போட்டதோட முடியாது, மண்ணுக்குள்ள இருக்கற விதை அடுத்த மழைக்கும் வரும், அதுக்கு அடுத்த மழைக்கும் வரும். குறைஞ்சது மூணு வருஷம் அதே இடத்துக்குத் திரும்பப் போகணும்னு வச்சுக்கோங்க. காலியான இடத்துல நாட்டுப் புல்லோ கன்னோ வைக்கலன்னா உண்ணி இருந்த இடத்துக்குப் பார்த்தீனியம் வரும்.

கடைசியா, கிளம்பறதுக்கு முன்னாடி ஷூ அடியையும் பேன்ட் மடிப்பையும் அங்கயே தட்டிடுங்க, சாக்ஸ்ல ஒட்டினதை ஒரு பேப்பர்ல உதிர்த்து மடிச்சுக் கட்டி வீட்ல குப்பையில போடுங்க, வழியில வண்டி ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டு போயிடாதீங்க.